பங்களாக் கதிரையும் ஏழு பேர்ச்சஸ் வீடும்

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தின் காம்பராவை விட்டு, ஏழு பேர்ச்சஸ் காணியில் 550 சதுர அடித் தனிவீட்டுக்குப் போகிறவர்களுக்குச் சுவர் எழும்பியதும் வரும் கவலை, கதிரை மேசைக்கு என்ன செய்வது என்பதுதான். தவணைக்கு எடுக்கும் புது அலுமாரி பலவும் மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. மலையக ஈரத்தில் அதன் அடிப்பாகம் ஊதிப் போகும். அதனால் 1950, 60களின் பழைய சாமான்களைத் தேடுவது நல்ல யோசனை. பூவேலை இல்லாத நேர்முகம், மெலிந்து சரிந்த கால்கள், அடியில் துடைப்பம் போகும் உயரம்: சிறிய வீட்டுக்கென்றே செய்தது போல இருக்கும்.

ஆனால் பழையது எல்லாம் அந்த வகை அல்ல. கை நீண்ட பிரம்புச் சாய்வுக்கதிரையைப் பார்த்ததும் துரையாகிவிட்ட நினைப்பு வரும். அது பங்களா விறாந்தைக்குச் செய்தது, நம் வீட்டு முன் இஸ்தோப்பில் போட்டால் ஆள் நடக்க வழி இராது. வாசலின் அகலத்தை அளந்து எழுதிக்கொண்டு போகாதவர் லொறிக் கூலியை இரண்டு முறை கொடுப்பார்.

நான் செய்த பெரிய தவறு வேறு. பண்டாரவளைப் பக்கம் ஓர் ஏலத்தில் தாழ்ந்த தேக்கு அலுமாரி ஒன்றை எடுத்தேன். மேற்பலகையில் தேநீர்க் கோப்பை வட்டங்கள். பொழுது சாய்வதற்குள் பளபளக்க வைத்துவிடலாம் என்று இயந்திரத்தில் மணற்கடதாசியை மாட்டித் தேய்த்தேன். மூன்றாவது நிமிடத்தில் தேக்கின் வரிகள் மறைந்து, கைப்பிடி அளவுக்கு வெளிறிய பலகை எட்டிப் பார்த்தது. மேலே இருந்தது ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவான தடிப்பில் ஒட்டிய தேக்குத் தாள், வெனியர். அக்காலத்து வெளிநாட்டுச் சாமான்களில் இது சாதாரணம், மட்டமான வேலை என்று அர்த்தமில்லை. தேய்ப்பதற்கு முன் பலகையின் ஓரத்தைப் பார்த்திருக்க வேண்டும்: வரிகள் மேலிருந்து ஓரம் வரை தொடர்ந்து இறங்கினால் முழுமரம், ஓரத்தில் மெல்லிய கோடு தெரிந்தால் வெனியர். பாதிக் கறை வெறும் அழுக்குதான். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்த துணியே போதும். அந்தக் காயத்தின்மேல் இப்போது வானொலி நிற்கிறது.

விற்பவருக்கு எல்லாமே பர்மாத் தேக்கு. சொல்லட்டும், நீங்கள் லாச்சியை முழுவதும் இழுத்துக் கவிழ்த்துப் பாருங்கள். பலா மஞ்சளாகத் தொடங்கி, வெளிச்சமும் வயதும் பட்டுப் பழுப்பேறும் மரம். உட்புறம் மட்டும் மஞ்சளாக இருந்தால் அது பலாவாக இருக்கலாம். பலா என்றால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், ஆனால் வேண்டாம் என்று வராதீர்கள், நல்ல மரம். பின்பலகை மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் என்றால் கதை வேறு. அது 1980களுக்குப் பிறகே பரவியது, ஆக யாரோ மாற்றியிருக்கிறார்கள், அல்லது சாமானே புதியது. பூச்சித் துளை இருப்பது குற்றமில்லை. துளைக்குக் கீழே புதுத் தூள் கொட்டிக் கிடந்தால், அந்தச் சாமானை வீட்டுக்குள் ஏற்றாதீர்கள்.

ஆடும் காலுக்கு ஆணி அடிப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். ஆணி மரத்தைப் பிளக்கும், ஆட்டம் திரும்ப வரும். மூட்டைக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி, புதுப் பசையிட்டு, ஓர் இரவு கயிற்றால் இறுகக் கட்டி வைத்தால் தீர்ந்தது. தச்சுப் பாஸிடம் கொடுத்தாலும் இதைச் சொல்லியே கொடுங்கள்.

பஞ்சு வைத்த சோபாவை வாங்காமல் விடுவதே நல்லது. மூட்டைப்பூச்சியை வெயிலில் காயவைத்து விரட்ட நினைத்தால், நுவரெலியாவில் எந்த வெயிலை நம்புவது?

கொழும்பிலிருந்து கொண்டுவந்த சாமானுக்கு இங்கே இன்னொரு சோதனை. மரம் நீளவாக்கில் அதிகம் மாறாது, அகலவாக்கில் ஈரத்தை உறிஞ்சி உப்பும். சுகமாகத் திறந்த லாச்சி மழைக்காலத்தில் இறுகிவிடும். உடனே இழைப்புளியை எடுத்துச் சீவினால், காய்ந்த மாதங்களில் அதே லாச்சி தொளதொளக்கும். அலுமாரியைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வைத்து, மாசி வரை பொறுங்கள். அதுவரை உடுப்புகள் கதிரையில் கிடக்கட்டும்.