நிரலாளர்களுக்குக் கருவி செய்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுங்கை சிப்புட்டில் வளர்ந்து, பினாங்கிலும் கோலாலம்பூரிலும் மென்பொருள் பொறியாளர்களாகப் பணியாற்றும் இளையோர் சிலருக்கு, வாடிக்கையாளர்களுக்கான செயலிகளைவிட, சக நிரலாளர்களின் வேலையை எளிதாக்கும் கருவிகளை உருவாக்குவதில்தான் மனம் ஒட்டுகிறது. நிரலைக் கணினி இயக்கக்கூடிய வடிவத்துக்குத் தொகுக்கவும் சோதிக்கவும் வெளியிடவும் உதவும் கருவிகள் அவை. அந்த ஈடுபாட்டையே முழுநேரத் தொழிலாக்கிக்கொள்ள விரும்புவோர் சறுக்கும் இடங்கள் பெரும்பாலும் ஒரே வேரிலிருந்து கிளைப்பவை: தன் கணினியில் ஓடுவது எல்லாருடைய கணினியிலும் ஓடும் என்ற நம்பிக்கை.

நம் பெயர்களையே எடுத்துக்கொள்ளலாம். அடையாள அட்டையில் 'குமரன் ஏ/எல் முத்து' என்பது போலத்தான் நம்மில் பலருடைய பெயர் இருக்கும்; 'ஏ/எல்' என்பது மகன் எனப் பொருள்படும் மலாய்த் தொடரின் சுருக்கம். லினக்ஸ் இயங்குதளத்தில் அந்தச் சாய்கோடு கோப்புறைகளைப் பிரிக்கும் குறி. ஆகவே பயனரின் பெயரை அப்படியே வைத்துக் கோப்பு உருவாக்கும் கருவி, 'குமரன் ஏ' என்றொரு கோப்புறையைத் தேடி, அது கிடைக்காமல் நின்றுவிடும். விண்டோஸும் கோப்புப் பெயரில் அந்தக் குறியை ஏற்பதில்லை. எழுத்துகளை எண்ணுவதிலும் இதே சிக்கல்தான். 'கி' நமக்கு ஓரெழுத்து. எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடு முறையில் இரண்டு குறியீடுகள். அவற்றைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஆறு பைட்டுகள். பைட்டுகளை எண்ணிப் பிழையின் இடத்தைக் காட்டும் கருவி, தமிழ்ச் சொல் உள்ள வரியில் அம்புக்குறியை வேறெங்கோ தள்ளிப் போடும். இத்தகைய பெயர்களையும் எழுத்துகளையும் சோதனைத் தரவில் சேர்க்கும் பொறுப்பு, அவற்றோடு வாழும் நமக்கே முதலில் உரியது. மழை வலுத்தால் இணைப்பு அறுந்துபோகும் தோட்டப்புற வீட்டிலிருந்து வேலை செய்பவரையும் மறந்துவிடக் கூடாது. ஒருமுறை பதிவிறக்கியதைச் சேமித்துவைக்காமல் ஒவ்வொரு முறையும் புதிதாக இறக்கும் கருவி அவருக்குப் பயன்படாது.

அடுத்தது பிழைச்செய்தி. கருவி ஒழுங்காக ஓடும்போது யாரும் அதைக் கவனிப்பதில்லை; அது நின்றுபோகும் கணத்தில்தான் பயனர் அதன் முகத்தைப் பார்க்கிறார். 'அமைப்புக் கோப்பில் பிழை' என்று சொல்வதால் யாருக்கும் பயனில்லை. '14ஆம் வரியில் திறந்த மேற்கோள் குறி மூடப்படவில்லை' என்றால் அடுத்த நிமிடமே அவர் வேலைக்குத் திரும்பிவிடுவார். இதைவிடக் கேடானது, தோல்வி என்று திரையில் எழுதிவிட்டு, வெற்றியைக் குறிக்கும் பூஜ்யத்தை வெளியேற்றக் குறியீடாக, அதாவது கருவி முடியும்போது திருப்பித் தரும் எண்ணாக, தருவது. தானியங்கி அமைப்புகள் திரையில் உள்ளதை வாசிப்பதில்லை. அந்த எண்ணை நம்பி, உடைந்த நிரலை அப்படியே வெளியீட்டுக்கு அனுப்பிவிடும்.

தொடக்க முடிவுகளை இலேசாக எடுத்துக்கொள்வது மற்றொரு தவறு. 1976இல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் உருவாக்கிய, நிரல் தொகுப்பைத் தானாகச் செய்யும் 'மேக்' கருவியில், கட்டளை வரி டேப் விசை இடும் குறியோடுதான் தொடங்க வேண்டும். அது தொல்லை என்பது சீக்கிரமே தெரிந்தும், ஏற்கெனவே பயன்படுத்திக்கொண்டிருந்த சுமார் ஒரு டஜன் பேருக்கு இடையூறு வேண்டாமென்று அவர் அதை மாற்றாமல் விட்டுவிட்டார். டேப்புக்குப் பதிலாக வெற்றிடங்களை இட்டுவிட்டு, 'பிரிப்பான் இல்லை' என்ற செய்தியைப் பார்த்து விழிக்கும் மாணவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பயனர் பத்துப் பேராக இருக்கும்போதே திருத்திவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பயனர் பெருகிய பின் மாற்றித்தான் ஆகவேண்டுமென்றால், பழைய முறையைச் சில பதிப்புகள் வரை எச்சரிக்கையோடு இயங்கவிட்டு, பதிப்பின் முதன்மை எண்ணை உயர்த்திய பிறகே நீக்குவது முறை.

தொழில் வாழ்க்கையைப் பொறுத்தவரை, பலன் தானாகத் தெரியவரும் என்று காத்திருப்பவரே அதிகம் இழக்கிறார். உள்கருவிகள் நிறுவனத்தின் விற்பனைக் கணக்கில் ஏறுவதில்லை. ஆகவே, நிரலை ஒருமுறை தொகுத்து முடிக்க முன்பு எவ்வளவு நேரம் பிடித்தது, இப்போது எவ்வளவு பிடிக்கிறது என்பதை முதல் நாளிலிருந்தே குறித்துவைத்து, பதவி உயர்வுப் பேச்சு வரும்போது அந்த எண்களை மேலாளர் முன் வைக்க வேண்டும். பயன்பாட்டுக் குறிப்பை எழுதி, பராமரிக்க இன்னொருவரையும் பழக்கிவைப்பவருக்கே அடுத்த கருவியைத் தொடங்க நேரம் கிடைக்கும்.