டெல்லி வார் மெமோரியல் போறீங்களா, இப்படி சுத்திப் பாருங்க

இந்தியா கேட் பக்கத்துலயே இருக்கு, டிக்கெட் கிடையாது. 2019 பிப்ரவரி 25ல திறந்தாங்க, டிசைன் பண்ணது சென்னை வெபி டிசைன் லேப் யோகேஷ் சந்திரஹாசன், நம்ம ஊர்க்காரங்க நிறைய பேருக்கு இது தெரியாது.

எல்லாரும் நேரா நடுவுல இருக்குற தூண்கிட்ட ஓடுவாங்க, அப்படி பண்ணாதீங்க, வெளியில இருந்து உள்ள போங்க, ஏன்னா இது மகாபாரத சக்கரவியூகம் மாதிரி ஒன்னுக்குள்ள ஒன்னா நாலு வட்டம். முதல்ல ரக்ஷக் சக்கரம், வரிசையா மரங்கதான், ஒவ்வொன்னும் காவல் நிக்கிற சிப்பாய்னு கணக்கு.

அடுத்து தியாக் சக்கரம், இங்கதான் டைம் எடுத்துக்கோங்க. கிரானைட் கல்லு ஒவ்வொன்னுலயும் நாட்டுக்காக உயிர்விட்ட ஒரு வீரர் பேரு, திறந்தப்பவே 25,942 பேர், தெரிஞ்ச குடும்பத்து வீரர் யாராவது இருந்தா அவர் பேரை முன்னாடியே குறிச்சு வச்சுக்கிட்டு போங்க, சும்மா தேடினா கிடைக்காது.

வீரதா சக்கரத்துல ஆறு வெண்கலச் சிற்பம், 1971 பாகிஸ்தான் போர்ல நடந்த லோங்கேவாலா, 1962 சீனப் போர்ல நடந்த ரெசாங் லா சண்டையெல்லாம் வரும். கடைசியா அமர் சக்கரம். 15.5 மீட்டர் தூண், அடியில அணையா விளக்கு, இந்தியா கேட்ல எரிஞ்ச அமர் ஜவான் ஜோதியையும் 2022 ஜனவரியில இதோட சேர்த்துட்டாங்க.

போர்க்கள வீரத்துக்கான நாட்டோட உச்ச விருது பரம் வீர் சக்ரா வாங்கினவங்க சிலைங்க தனியா பரம் யோத்தா ஸ்தல்ல இருக்கு, 1987ல இலங்கையில அமைதிப்படையில சண்டை போட்டு உயிர்விட்ட மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் சிலையும் அங்கதான். வெயில் காலத்துல சாயங்காலமா போங்க, மதியம் கல்லு கொதிக்கும்.