அரசவைப் பரிசு ஒன்றைச் சான்றாக வாசிப்பது எப்படி?

16, 17ஆம் நூற்றாண்டுகளில் இஸ்லாமிய அவைகளும் ஐரோப்பிய அவைகளும் பரிமாறிக்கொண்ட பரிசுகளைப் பற்றி எழுத முனைபவர் முதலில் ஒரே ஒரு பொருளைத் தேர்ந்துகொள்ள வேண்டும். நீண்ட பட்டியல்கள் கண்ணைப் பறிக்குமே தவிர, அவற்றை மட்டும் வைத்து உறவின் தன்மையைக் கண்டுகொள்ள முடியாது. 1599இல் இங்கிலாந்தின் எலிசபெத் அரசி ஒட்டோமான் சுல்தான் மூன்றாம் மெஹ்மத்துக்கு அனுப்பிய, கடிகாரத்துடன் இணைந்து தானாகவும் இசைக்கும் ஆர்கன் என்னும் குழல் இசைக்கருவி தொடக்கநிலை ஆய்வாளருக்கு மிகவும் ஏற்றது.

தேர்ந்த பொருளுக்குப் பணம் கொடுத்தது யார் என்பதை அடுத்துப் பாருங்கள். ஆர்கன் சென்றது அரசியின் பெயரில்; செலவை ஏற்றது, ஒட்டோமான் நாட்டோடு வணிகம் செய்த ஆங்கில நிறுவனமான லெவன்ட் கம்பெனியின் வணிகர்கள். ஒட்டோமான் துறைமுகங்களில் தங்களுக்கு இருந்த வணிகச் சலுகைகள் புதிய சுல்தானின் ஆட்சியிலும் தொடர வேண்டும் என்பதே அவர்களுடைய நோக்கம்.

பிறகு, பொருளோடு பயணம் செய்தவரின் குறிப்பைத் தேடுங்கள். தூதர்களின் கடிதங்களைவிடக் கைவினைஞரின் எழுத்தையே நான் பெரிதும் மதிக்கிறேன், ஏனெனில் பொருள் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். ஆர்கனைச் செய்த தாமஸ் டாலம் அதனுடன் 'ஹெக்டர்' என்னும் கப்பலில் ஒட்டோமான் தலைநகரான இஸ்தான்புல் போய்ச் சேர்ந்து பெட்டிகளைத் திறந்தபோது, பசையெல்லாம் விட்டுப்போயிருந்தது. தூதர் இல்லத்திலேயே அதைச் செப்பனிட்டுப் பின்னர் அரண்மனையில் நிறுவினார். மணிகள் ஒலித்து, எக்காளங்கள் முழங்கி, உச்சியில் இருந்த செயற்கைப் புதரின் பறவைகள் பாடிச் சிறகசைத்ததும், அதைக் கையால் வாசிக்கத் தெரிந்தவர் உண்டா என்று சுல்தான் கேட்டார். டாலம் வாசிக்க அமர்ந்தபோது சுல்தானுக்கு முதுகு காட்ட வேண்டியதாயிற்று. அவருடைய உடை சுல்தானின் முழங்காலில் உரசியது. பின்னால் சுல்தான் அசைந்ததும் வாளை உருவுகிறாரோ என்று டாலம் அஞ்சினார்; கிடைத்ததோ 45 தங்கக் காசுகள். இது டாலம் ஒருவர் மட்டுமே சொல்லும் செய்தி என்பதையும் உங்கள் கட்டுரையில் குறிப்பிடுங்கள்.

அடுத்த படிதான் எல்லாவற்றிலும் முக்கியமானது: அதே பொருளை இரு தரப்பினரும் எந்தச் சொல்லால் குறித்தார்கள் என்று ஒப்பிட வேண்டும். ஒட்டோமான்களுடன் செய்த 1547 ஒப்பந்தத்தின்படி, வியன்னாவிலிருந்து ஆண்ட ஹாப்ஸ்பர்க் அரசு சுல்தானுக்கு ஆண்டுதோறும் அனுப்பிய 30,000 டக்காட் தங்கக் காசுகள் வியன்னாவின் பார்வையில் 'மரியாதைப் பரிசு', இஸ்தான்புல்லின் பார்வையில் திறை. அந்நியர் கொண்டுவந்த பரிசுகளை ஒட்டோமான் அவை 'பேஷ்கஷ்' என்ற சொல்லாலும் குறித்தது. நம் பாளையக்காரர்கள் ஆற்காட்டு நவாபுக்குக் கட்டிய 'பேஷ்கஷ்' இதே பாரசீகச் சொல்தான். மேலே உள்ளவருக்குக் கீழே உள்ளவர் செலுத்துவது என்ற பொருள் அதில் இருப்பதைத் தமிழ் வாசகர் எளிதில் உணரலாம். ஆகவே மொழிபெயர்ப்பில் வெறுமனே 'பரிசு' என்று இருந்தால், மூலத்தில் இருந்த சொல் எது என்று தேடிப் பார்க்காமல் மேலே செல்லாதீர்கள். ஐரோப்பியத் தூதருக்குச் சுல்தான் அளித்த கில்லத்து என்னும் மரியாதை அங்கியையும் இதே கண்ணோட்டத்தில் பார்க்க வேண்டும்: அதை அணிந்துகொண்டே அவர் சுல்தானின் முன் சென்றார்.

கடைசியாக, பரிசு போய்ச் சேர்ந்த பிறகு அதற்கு என்ன ஆயிற்று என்று விசாரியுங்கள். முகலாயப் பேரரசர் ஜஹாங்கீருக்கு ஆங்கிலேயர் அளித்த குதிரை வண்டியைப் பற்றித் தூதர் தாமஸ் ரோ எழுதியவை இதற்குத் துணை செய்யும். ஜஹாங்கீர் அதன் உள் துணியை அகற்றி விலையுயர்ந்த துணியைப் பொருத்தினார். பித்தளை ஆணிகளுக்குப் பதிலாக வெள்ளி ஆணிகளை அடிக்கச் செய்தார். அதே மாதிரியில் இன்னொரு வண்டியும் உருவானது. 1616இல் அஜ்மீரிலிருந்து புறப்பட்டபோது ஜஹாங்கீர் அந்தப் புதிய வண்டியில் ஏறிக்கொண்டார்; ஆங்கிலேயரின் வண்டியில், தம் உடைமையாக, நூர்ஜஹான் பின்தொடர்ந்தார்.