எல்லாவற்றையும் 72-ஆல் பெருக்கிப் பாருங்கள்

1/72 அளவு பிளாஸ்டிக் விமான மாடல் கிட் கட்டும்போது மேசையில் கத்தி, டேப்புக்குப் பக்கத்தில் ஒரு கால்குலேட்டரும் வைத்திருப்பேன். இரண்டாம் உலகப் போர்க் கால பிரிட்டிஷ் போர் விமானமான ஸ்பிட்ஃபயர் மார்க் 1 நிஜத்தில் இறக்கை நுனிக்கு நுனி 11.23 மீட்டர். மாடலில் 15.6 சென்டிமீட்டர்தான். நாம் "பரவாயில்லை" என்று விடுகிற ஒரு மில்லிமீட்டர் இடைவெளி, நிஜ விமானத்தில் 7 சென்டிமீட்டர் பிளவு. அதில் ஏறிப் பறக்க எந்த விமானி சம்மதிப்பார்?

பாகங்களை, அவற்றைத் தாங்கும் பிளாஸ்டிக் சட்டத்தோடு சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள். அச்சில் தடவிய எண்ணெய்ப் பசை போகாவிட்டால் பெயிண்ட் பிடிக்காது. பிறகு காக்பிட், அதாவது விமானி அறை. உடலின் இரு பாதிகளையும் ஒட்டிவிட்டால் உள்ளே கை போகாது என்பதால் அதை முதலிலேயே முடிக்க வேண்டும். விமானி இருக்கையில் 5 சென்டிமீட்டர் அகலப் பெல்ட் என்றால் நமக்கு 0.7 மில்லிமீட்டர். மாஸ்கிங் டேப்பைப் புது பிளேடால் கீறினால் கிடைத்துவிடும்.

ஒட்டுவதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். பாகத்தில் பசையைப் பூசிவிட்டு அழுத்தாதீர்கள். இரண்டையும் சேர்த்துப் பிடித்து, நீர்த்த பிளாஸ்டிக் பசையைப் பிரஷ் நுனியால் இணைப்பில் தொட்டாலே போதும். தானே உள்ளே ஓடிவிடும். சில நொடி கழித்து லேசாக அழுத்தினால் உருகிய பிளாஸ்டிக் மெல்லிய வரப்பாகப் பிதுங்கும். ஒரு நாள் முழுக்க விட்டு அதைத் தேயுங்கள். அந்த வரப்பே புட்டி வேலையைப் பார்த்துவிடும். இறக்கை உடலோடு சேரும் இடத்தில் மேலே பிளவு தெரிந்தால், இரு நுனிகளையும் டேப்பால் மேல்நோக்கி இழுத்துக் கட்டிவிட்டு ஒட்டுங்கள். தேய்த்த பிறகு அந்த இடத்தில் கொஞ்சம் சில்வர் பெயிண்ட் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தப்பிய கீறலெல்லாம் பல்லிளிக்கும்.

கேனபிக்கு (காக்பிட்டின் கண்ணாடி போன்ற மூடி) சூப்பர் குளூ வேண்டவே வேண்டாம். அதன் ஆவி பட்டு என் முதல் கேனபி பனி மூடிய ஜன்னல் போலாகிவிட்டது. காய்ந்தால் தெளிவாகிற வெள்ளைப் பசையே போதும்.

பெயிண்ட் மெல்லியதாக, பல தடவை. டெக்கலுக்கு (நீரில் நனைத்து ஒட்டும் சின்னங்கள், எண்கள்) முன் பளபளப்பு வார்னிஷ் அவசியம். சொரசொரப்பான பரப்பில் காற்று சிக்கி டெக்கல் வெள்ளி பூத்துப்போகும்.

அழுக்குப் பூசும்போதும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். விமானி ஏறும் கதவு இடப்பக்கம், எனவே பெயிண்ட் உரிவது இட இறக்கையின் மேற்பரப்பில், உடலோடு சேரும் இடத்தில் கூடுதலாக இருக்கட்டும். இறக்கைக்கு நான்காக எட்டு துப்பாக்கிகள். அவற்றின் வாயைச் சிவப்புத் துணித் துண்டால் மூடியிருப்பார்கள். துப்பாக்கி சுட்ட கரிக்கோடு இழுப்பதானால் துணி கிழிந்ததாகவும் காட்டுங்கள். சுடாத துப்பாக்கிக்கு ஏது புகை?

கடைசியாக ஆன்டெனா கம்பி. ஆரம்பகால ஸ்பிட்ஃபயரில் காக்பிட்டுக்குப் பின்னாலுள்ள கம்பத்திலிருந்து வால் உச்சிக்குப் போகும். மிச்சமான சட்டத் துண்டை மெழுகுவர்த்திக்கு மேலே காட்டி, குழைந்து பளபளக்கும்போது சுடரைவிட்டு விலக்கி நிதானமாக இழுத்தால் தலைமுடி போல நூல் வரும். ஒட்டிக் காய்ந்ததும் தொய்வாக இருந்தால், எரியும் ஊதுபத்தி நுனியைத் தொடாமல் பக்கத்தில் கொண்டுபோங்கள். சட்டென்று விறைக்கும். கொஞ்சம் நெருங்கிவிட்டால் அறுந்துவிடும். அதனால் எப்போதும் மூன்று நூலாவது இழுத்து வைத்துக்கொள்வேன்.