போட்டி டயட்டில் கொழுப்பு: எவ்வளவு குறைக்கலாம், எங்கே நிறுத்த வேண்டும்

பாடிபில்டிங் போட்டி மேடைக்கு 12 வாரம் இருக்கையில் பலர் செய்யும் முதல் வேலை, மஞ்சள் கருவைத் தூக்கிப் போட்டுவிட்டு எண்ணெயை அடியோடு நிறுத்துவது. எடை இறங்கத்தான் செய்யும். ஆனால் போகப் போகத் தோல் வறளும், மலச்சிக்கல் வரும், சாப்பாட்டில் பிடிப்பே இருக்காது. அதற்குப் பிறகு ஒருநாள் டயட் மொத்தமாக உடையும்.

கொழுப்பில் கிராமுக்கு 9 கலோரி, புரதத்திலும் மாவுச்சத்திலும் 4. அதனால் கொழுப்பைக் குறைப்பது நியாயம்தான், பூஜ்யமாக்குவதுதான் தப்பு. லினோலெயிக், ஆல்பா லினோலெனிக் என்ற அத்தியாவசியக் கொழுப்பு அமிலங்களை உடம்பு தானாகத் தயாரித்துக்கொள்ளாது. ஏ, டி, இ, கே வைட்டமின்கள் குடலில் சேரவும் கொழுப்பு வேண்டும். டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் இந்தக் காலத்தில் எப்படியும் இறங்கும். முக்கியக் காரணம் கலோரிப் பற்றாக்குறையும் உடம்புக் கொழுப்பு வற்றுவதும். சாப்பாட்டுக் கொழுப்பையும் ஒரேயடியாக வெட்டி அதை இன்னும் மோசமாக்க வேண்டாம்.

மொத்தக் கலோரியில் 15 முதல் 30 சதவீதம் கொழுப்பில் வரலாம். 25க்குப் பக்கத்தில் தொடங்குவது நல்லது. 80 கிலோ ஆள் 2200 கலோரியில் இருக்கிறார் என்றால் புரதம் 180 கிராம் (720 கலோரி), கொழுப்பு 55 கிராம் (495), மீதி 985 கலோரிக்கு மாவுச்சத்து சுமார் 246 கிராம். வாரத்துக்கு உடல் எடையில் 0.5 முதல் 1 சதவீதம் இறங்கினால் எதையும் தொடாதீர்கள். 2 வாரம் எடை நின்றுபோனால் கொழுப்பில் 5 கிராம், மாவுச்சத்தில் 20 கிராம் எடுங்கள். 125 கலோரி குறையும். கிலோவுக்கு 0.5 கிராம், அதாவது இவருக்கு 40 கிராம், வந்ததும் கொழுப்பைக் குறைப்பதை நிறுத்திவிட்டு மாவுச்சத்தில் கை வையுங்கள், அல்லது கார்டியோவை (நடை, ஓட்டம், சைக்கிள் போன்றவை) கூட்டுங்கள்.

கணக்கு பிசகுவது பெரும்பாலும் எண்ணெயில்தான். ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய் கிட்டத்தட்ட 14 கிராம், 120 கலோரிக்கு மேல். கண் அளவில் 3 முறை ஊற்றினால் அன்றைய பற்றாக்குறையில் பெரும்பகுதி காலி. எண்ணெய் பாட்டிலையே சமையல் தராசில் வைத்து, எடையைப் பூஜ்யமாக்கும் டேர் பட்டனை அழுத்தி, ஊற்றிவிட்டுத் திரும்ப வையுங்கள். மைனஸ் 9 என்று காட்டினால் 9 கிராம் போயிருக்கிறது. சட்டியில் ஒட்டியதையும் சாப்பிட்டதாகவே எழுதுங்கள். தோசைக்கல்லுக்குப் பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேய்த்தாலே போதும். வீட்டுக்கெல்லாம் சேர்த்து வைத்த குழம்பில் எவ்வளவு எண்ணெய் என்று யாராலும் சொல்ல முடியாது. உங்கள் பங்கைத் தனியாகச் சமைப்பதே வழி.

அந்த 55 கிராம் எங்கிருந்து? 3 முழு முட்டையில் 15, தோல் நீக்கிய 400 கிராம் கோழி நெஞ்சுக்கறியில் சுமார் 10, 20 கிராம் வேர்க்கடலையில் 10, சமையல் எண்ணெய் 10, ஓட்ஸ், பால் போன்றவற்றில் மீதி 10. மத்தி, கானாங்கெளுத்தி கிடைக்கும் நாளில் கோழியில் கொஞ்சம் குறைத்து மீன் சேருங்கள். ஒமேகா 3 கிடைக்கும். மீன் எண்ணெய் மாத்திரையையும் கணக்கில் எழுதுங்கள், ஒன்றில் 1 கிராம். வேர்க்கடலையைப் பொட்டலத்திலிருந்து கொறிக்கவே கூடாது, 100 கிராமில் பாதி கொழுப்பு.

சைவர்களுக்கு இது கடினம். 100 கிராம் பன்னீரில் 20 கிராமுக்கு மேல் கொழுப்பு, புரதமோ 18 கிராம் அளவில்தான். மீல்மேக்கர், வே புரதம் (பாலிலிருந்து எடுக்கும் புரதப் பவுடர்), கொழுப்பு நீக்கிய தயிர் பக்கம் போங்கள்.

பயிற்சிக்கு முந்தைய சாப்பாட்டில் கொழுப்பு வேண்டாம், வயிறு காலியாக நேரமெடுக்கும். பெண்களுக்கு மாதவிடாய் நின்றாலோ, யாருக்காவது சாப்பிட்டதும் வலது மேல்வயிற்றில் வலி வந்தாலோ டாக்டரைப் பாருங்கள். வேகமாக எடை இறங்கும்போது பித்தப்பையில் கல் உருவாக வாய்ப்புண்டு, கொழுப்பே இல்லாத சாப்பாட்டில் பித்தப்பை சரியாகச் சுருங்காமல் அது கூடும்.

கடைசி வாரம், தசை நிரம்பித் தெரிய மாவுச்சத்தைக் கூட்டிச் சாப்பிடும் நாட்களில் மட்டும் கொழுப்பை 30, 40 கிராமுக்குள் வைத்து, 12 வாரமாக வயிறு பழகிய உணவையே சாப்பிடுங்கள். புது நெய்ச்சோறும் புது நட்ஸும் மேடை இறங்கிய பிறகு.