தனியார் வைத்தியசாலையில் வேலை பறிபோனால் உடனே செய்ய வேண்டியவை

மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கத்துத் தனியார் வைத்தியசாலையோ ஆய்வுகூடமோ பாமசியோ, எதுவாக இருந்தாலும் வேலையால் நிறுத்துவதைப் பெரும்பாலும் கடிதமாகத் தரமாட்டார்கள். "நாளையிலிருந்து வரத் தேவையில்லை" என்று வாயால் சொல்வார்கள். இல்லாவிட்டால் விலகல் கடிதம் ஒன்றை நீட்டி, "கையெழுத்து வையுங்கள், சேவைச் சான்றிதழ் தருகிறோம்" என்பார்கள். கையெழுத்து வைக்காதீர்கள்.

வேலை நிறுத்தப்பட்டவர்களின் வழக்குகளை விசாரிக்கும் தொழில் நியாய சபையில் வழக்கு வரும்போது, உங்களை நிறுத்தியதை நிர்வாகம் ஒப்புக்கொண்டால், அது நியாயமானதுதான் என்று காட்ட வேண்டியது அவர்கள் பொறுப்பு. "நாங்கள் நிறுத்தவில்லை, அவராகவே விட்டுப் போனார்" என்று மறுத்துவிட்டால், நிறுத்தப்பட்டதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். உண்மை உங்கள் பக்கம் இருந்தும் வழக்குத் தோற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

ஆகவே அன்றோ மறுநாளோ ஒரு கடிதம் எழுதுங்கள். நான்கு வரி போதும்: "இன்று காலை 7 மணிக்குக் கடமைக்கு வந்தேன். இனி வர வேண்டாம் என்று முகாமையாளர் வாய்மொழியாகச் சொல்லித் திருப்பி அனுப்பினார். நான் விலகவில்லை, தொடர்ந்து வேலை செய்யத் தயாராக இருக்கிறேன். நிறுத்தியதற்கான காரணத்தை எழுத்தில் தரவும்." திகதியிட்டுப் பதிவுத்தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டையும் கடிதத்தின் பிரதியையும் பத்திரப்படுத்துங்கள். ஏற்கெனவே வற்புறுத்தலில் கையெழுத்து வைத்திருந்தால், எப்போது, யார் முன்னால், என்ன சொல்லி வாங்கினார்கள் என்பதையும் அதே கடிதத்தில் எழுதுங்கள். ஒரு மாதம் கழித்து இதைச் சொன்னால் நம்ப வைப்பது கடினம்.

நியமனக் கடிதம், சம்பளச் சிட்டை, வங்கிக் கணக்கு அறிக்கை, டியூட்டி ரோஸ்டர், மேலதிகாரியின் வட்ஸ்அப் செய்திகள் எல்லாவற்றையும் ஒன்றுசேருங்கள். ஆனால் நோயாளியின் பி.எச்.டி.யையோ (கட்டிலோடு இருக்கும் சிகிச்சைக் குறிப்பேடு) மருந்துப் பதிவேட்டையோ போட்டோ எடுக்காதீர்கள். ஊசி மாறிப் போட்டதாகவோ மருந்து குறைந்ததாகவோ உங்கள் மேல் பழி இருந்தால், அந்தப் பதிவேட்டைக் கொண்டுவரும்படி நியாய சபையே கட்டளையிடலாம். நீங்களாக எடுத்தால், நோயாளியின் இரகசியத்தை வெளியே கொண்டுபோனார் என்று இல்லாத குற்றம் ஒன்று புதிதாக முளைக்கும்.

15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமா, நீங்கள் அங்கே 180 நாளுக்குக் குறையாமல் வேலை செய்தவரா என்று பாருங்கள். அப்படியானால் ஊழியரை வேலையால் நிறுத்துவதைக் கட்டுப்படுத்தும் 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் பொருந்தும். ஒழுக்காற்றுக் காரணத்துக்காக நிறுத்தினால், இரண்டாவது வேலைநாள் முடிவதற்குள் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். "நோயாளிகள் குறைவு, ஆள் அதிகம்" என்று நிறுத்துவதானால், உங்கள் எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் முன் அனுமதியோ இருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் தொழில் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் எழுத்தில் முறையிடுங்கள்.

சிறிய கிளினிக்கில் நாலைந்து பேர்தான் வேலை செய்கிறீர்கள் என்றாலும் தொழில் நியாய சபைக்குப் போகலாம். விண்ணப்பம் நிறுத்தப்பட்ட நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போய்ச் சேர வேண்டும். தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு கொடுத்துவிட்டு அதன் முடிவுக்காகக் காத்திருந்து, இந்தக் காலக்கெடுவைத் தவறவிட்டவர்கள் பலர். அந்த முறைப்பாடு ஆறு மாதக் கணக்கை நிறுத்தி வைக்காது. சபையில் நீங்களே பேசலாம், தொழிற்சங்கப் பிரதிநிதியோ சட்டத்தரணியோ பேசலாம். காசு இல்லையென்றால் மட்டக்களப்பிலோ கல்முனையிலோ உள்ள சட்ட உதவி ஆணைக்குழு நிலையத்துக்குப் போங்கள். சபை மீண்டும் வேலையில் சேர்க்கவோ நட்டஈடு கொடுக்கவோ கட்டளையிடலாம். வேலை உறுதியாவதற்கு முந்திய தகுதிகாண் காலத்தில் நிறுத்தப்பட்டவருக்கு வெற்றி கடினம், நிர்வாகத்தின் கெட்ட நோக்கத்தைக் காட்டியாக வேண்டும்.

வழக்கு எப்படிப் போனாலும் சேர வேண்டிய பணம் சேர வேண்டும். 15 பேருக்குக் குறையாத இடத்தில் ஐந்து வருடம் பூர்த்தி செய்த மாதச் சம்பளக்காரருக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் கடைசிச் சம்பளத்தின் அரை மாதம் பணிக்கொடை. 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். மோசடி, கையாடல், சொத்துச் சேதம், பொருள் இழப்பு தவிர வேறு குற்றத்தைச் சொல்லி அதை வெட்ட முடியாது. ஈ.பி.எஃப்.க்கு (ஊழியர் சேமலாப நிதி) உங்களிடம் 8 வீதம் கழித்து, தங்கள் பங்கு 12 வீதத்தைச் சேர்த்து, ஈ.டி.எஃப்.க்கு (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதமும் கட்டினார்களா என்று சரிபாருங்கள். கட்டாவிட்டால் அதற்கும் தொழில் அலுவலகத்தில் தனியாக முறையிடுங்கள்.

அரச வைத்தியசாலை உத்தியோகத்தருக்குப் பாதை வேறு. தொழில் நியாய சபை அவர்களுக்கு இல்லை. மத்திய அமைச்சின் கீழ் உள்ளவர்கள் அரச சேவை ஆணைக்குழுவிடமும், மாகாண சபையின் கீழ் உள்ளவர்கள் மாகாண அரச சேவை ஆணைக்குழுவிடமும் போக வேண்டும். அடிப்படை உரிமை மீறல் என்றால் உயர் நீதிமன்றத்துக்கு ஒரு மாதம்தான் அவகாசம். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. அரச வைத்தியசாலையில் வேலை செய்தாலும் கொம்பனி மூலம் வந்த துப்புரவு, பாதுகாப்பு ஊழியர்களுக்கு முதலாளி அந்தக் கொம்பனிதான். அவர்கள் தொழில் நியாய சபைக்குப் போகலாம். சம்பளச் சிட்டையில் உள்ள கொம்பனிப் பெயரை அப்படியே விண்ணப்பத்தில் எழுதுங்கள், வைத்தியசாலையின் பெயரை எழுதிவிடாதீர்கள்.