உணவுக் கோளாறிலிருந்து மீளும்போது எடைப் பயிற்சி: ஓய்வு நாளை முதலில் திட்டமிடுங்கள்

உணவு உண்ணல் கோளாறுக்கு (பட்டினி கிடத்தல், கட்டற்று உண்ணல், உண்டதை வாந்தி எடுத்தல் போன்றவை) சிகிச்சை பெற்றுக்கொண்டிருக்கும், ஓரளவு நிலைப்பட்டிருக்கும், இப்போது டம்பெல்லைக் கையில் எடுக்கலாமா என்று யோசிக்கும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். சிகிச்சையை இன்னும் தொடங்காதவர்கள் அதை முதலில் தொடங்குங்கள். கீழே உள்ள எதுவும் அதற்கு மாற்றாகாது. உடல் எடை, கலோரி, உணவின் கிராம் கணக்கு ஆகிய எண்களை வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன். அத்தகைய ஓர் எண் கண்ணில் பட்டால் மறுநாளே அதைச் சட்டமாக்கிக்கொள்ளும் மனம் நம்மில் பலருக்கு உண்டு. ரெப் (ஓர் அசைவை ஒருமுறை செய்வது), செட் (இடைவிடாமல் செய்யும் ரெப்களின் தொகுப்பு) எண்கள் மட்டும் வரும். அவற்றையும் தாண்ட வேண்டிய இலக்காக அல்லாமல் மேல் எல்லையாகவே படியுங்கள்.

படி 1: மருத்துவரிடம் குறிப்பாகக் கேளுங்கள்

"உடற்பயிற்சி செய்யலாமா?" என்று பொதுவாகக் கேட்டால், "மெதுவாக நடங்கள்" என்ற பொதுவான பதில்தான் கிடைக்கும். எடை தூக்கலாமா, குதிக்கலாமா, வாரத்தில் எத்தனை நாள், எந்த அறிகுறி வந்தால் நிறுத்த வேண்டும் என்று நான்காகப் பிரித்துக் கேட்டு, பதிலை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். படுத்திருக்கும்போதும் எழுந்து நின்ற பிறகும் நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும், ஈசிஜி, இரத்தத்தில் பொட்டாசியம், பாஸ்பரஸ், மெக்னீசியம், ஹீமோகுளோபின் ஆகியவை வழக்கமாகப் பார்க்கப்படுபவை.

வாந்தி எடுத்தல், மலமிளக்கி பயன்படுத்துதல் ஆகியவற்றால் பொட்டாசியம் குறையும்போது இதயத் துடிப்பின் ஒழுங்கு குலையலாம். பார்ப்பதற்கு ஆரோக்கியமாகவும், எடை 'சரியாக' உள்ளவராகவும் இருப்பவருக்கும் இது நேரலாம். நீண்ட நாள் பட்டினிக்குப் பிறகு உணவைக் கூட்டத் தொடங்கும் முதல் வாரங்களில் பாஸ்பரஸ் ஆபத்தான அளவுக்குச் சரியக்கூடும் என்பதால் அந்தக் காலம் பயிற்சிக்கு உரியதே அன்று. நாடித்துடிப்பு மெதுவாக இருப்பதை 'விளையாட்டு வீரரின் இதயம்' என்று பெருமையாக எண்ணிக்கொள்பவர்களும் உண்டு. போதிய உணவில்லாத உடலில் அது பெரும்பாலும் உடல் தன் செலவைச் சுருக்கிக்கொண்டதன் அடையாளம்.

மாதவிடாய் நின்றுபோயிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஈஸ்ட்ரோஜன் குறைந்த நிலை நீடித்தால் எலும்பின் அடர்த்தி குறைகிறது. எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். கருத்தடை மாத்திரை எடுக்கும்போது வரும் இரத்தப்போக்கு உங்கள் சொந்தச் சுழற்சி திரும்பிவிட்டதற்குச் சான்றாகாது. எலும்பு பலவீனமாக இருப்பது தெரிந்தால், குதிப்பதும், எடையோடு முதுகை வளைத்துத் தூக்குவதும் மருத்துவர் அனுமதிக்கும்வரை வேண்டாம். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014 இல் ரெட்-எஸ் (விளையாட்டில் ஒப்பீட்டு ஆற்றல் பற்றாக்குறை) என்ற பெயரில் வரையறுத்து, 2023 இல் மீண்டும் புதுப்பித்த நிலையும் இதைத்தான் பேசுகிறது: செலவுக்கு ஏற்ற உணவு இல்லாமல் பயிற்சி செய்தால் எலும்பு, ஹார்மோன், நோய் எதிர்ப்பு, மனநிலை ஆகிய அனைத்தும் சேர்ந்தே பாதிக்கப்படுகின்றன. உணவு போதாத உடலில் எடைப் பயிற்சி வலிமையைக் கூட்டும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

படி 2: டம்பெல்லுக்கு முன் தட்டு

மூன்று வேளை உணவு, இடையில் இரண்டு அல்லது மூன்று சிற்றுணவு, எந்த இரண்டுக்கும் இடையில் மூன்று முதல் நான்கு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி இல்லை. உங்கள் உணவியல் நிபுணர் வேறு அமைப்பைக் கொடுத்திருந்தால் அதையே பின்பற்றுங்கள். பசி எடுத்தால் சாப்பிடலாம் என்று காத்திருக்க வேண்டாம். கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிடுங்கள். கட்டுப்பாடான உணவுப் பழக்கத்தில் இரைப்பை காலியாகும் வேகம் குறைந்துவிடுவதால், சிறிது சாப்பிட்டாலே வயிறு நிறைந்ததுபோல் இருக்கும். அந்த உணர்வை நம்பித் தட்டைத் தள்ளிவைத்தால் அடுத்த வேளையும் தள்ளிப்போகும். இதற்கு நேர்மாறான அனுபவமும் இயல்பானதே. 1944–45 இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் தலைமையில் 36 ஆண்கள் பங்கேற்ற அரைப்பட்டினி ஆய்வில், உணவு மீண்டும் கிடைக்கத் தொடங்கிய பிறகும் பலருக்கு அடங்காத பசி மாதக்கணக்கில் நீடித்தது. அப்படி ஒரு பசி வந்தால் அதை உங்கள் ஒழுக்கக் குறைவாகக் கருத வேண்டியதில்லை. அதிகமாகச் சாப்பிட்டுவிட்டோம் என்று அடுத்த வேளையைத் தவிர்ப்பதுதான் அடுத்த கட்டற்ற உண்ணலுக்கு வழி திறக்கிறது.

எடை தூக்குபவர்களின் உலகில் புரதமே பேச்சு. தசைக்குப் புரதம் வேண்டும் என்பது உண்மை. ஆனால் மாவுச்சத்தைக் குறைத்துப் புரதத்தை மட்டும் எண்ணத் தொடங்கினால் பழைய கோளாறு புதிய சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறது என்று பொருள். எடை தூக்கும்போது தசை பெரிதும் பயன்படுத்தும் எரிபொருள் மாவுச்சத்திலிருந்து வருகிறது. ஹார்மோன் உற்பத்திக்குக் கொழுப்பு வேண்டும். ஒவ்வொரு வேளையிலும் தானியம் அல்லது கிழங்கு, பருப்பு, முட்டை, மீன், பால் போன்ற ஒரு புரதம், கண்ணுக்குத் தெரியும் அளவில் கொழுப்பு, காய் அல்லது பழம் என்று இருந்தால் போதும். புரதப் பொடியைப் பொறுத்தவரை என் கருத்து கடுமையானது: உணவுக்குப் பதிலாக அதைக் குடிக்கும் வாய்ப்பு சிறிதேனும் இருந்தால் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.

பயிற்சிக்கு ஒன்று அல்லது இரண்டு மணி நேரம் முன்பு ஏதேனும் ஒரு வேளை உணவோ சிற்றுணவோ முடிந்திருக்க வேண்டும்; முடிந்த பிறகு, அதிகம் தாமதிக்காமல், மாவுச்சத்தும் புரதமும் உள்ள ஒன்று. இவை ஏற்கெனவே உள்ள திட்டத்துக்கு மேல் சேர்க்கப்பட வேண்டியவை. எவ்வளவு என்பதை உணவியல் நிபுணர் சொல்லட்டும். நாமே தீர்மானித்தால் பெரும்பாலும் குறைத்தே தீர்மானிப்போம்.

படி 3: ஓய்வு நாள்

என்னை நீண்ட காலம் நகரவிடாமல் வைத்திருந்த படி இது. உட்கார்ந்து எழும் ஸ்குவாட் பயிற்சியைக் கற்றுக்கொள்வது இதைவிட எளிதாக இருந்தது. பயிற்சி நாளில் சாப்பிடுவதற்கு மனம் ஒப்புக்கொள்கிறது, ஏனென்றால் அன்று உணவு 'சம்பாதிக்கப்பட்டது' போல் தோன்றுகிறது. மறுநாள், எதையும் தூக்காத நாளில், அதே தட்டு நியாயமற்றதாகத் தோன்றுகிறது. சிற்றுணவு ஒன்று மறக்கப்படுகிறது, சோறோ ரொட்டியோ ஒரு பங்கு குறைகிறது, அதற்கு 'இயல்பாகவே பசி இல்லை' என்று பெயரும் கிடைக்கிறது. வாரத்தில் இரண்டு நாள் பயிற்சி, ஐந்து நாள் ஓய்வு என்றால், இந்தக் கணக்கின்படி வாரத்தின் பெரும்பகுதி குறை உணவிலேயே கழிந்துவிடும்.

உடலின் கணக்கு வேறு. எடைப் பயிற்சிக்குப் பிறகு தசைப் புரதம் கட்டப்படும் வேகம் ஏறத்தாழ ஒரு நாள் முதல் இரண்டு நாள் வரை உயர்ந்தே இருக்கிறது. அதாவது திங்கட்கிழமை தூக்கிய எடைக்கான கட்டுமானம் பெரிதும் செவ்வாய்க்கிழமைதான் நடக்கிறது. அதற்கான பொருளும் கூலியும் செவ்வாய்க்கிழமைத் தட்டிலிருந்தே வர வேண்டும். பயிற்சியே செய்யாதவருக்கும், இதயம், மூளை, கல்லீரல், சிறுநீரகம் ஆகியவற்றை இயக்கவே ஒரு நாளின் ஆற்றலில் பெரும்பங்கு போகிறது; அரை மணி நேரப் பயிற்சி அதன் முன் சிறிய தொகைதான்.

ஆகவே செய்முறை இது. பயிற்சி அட்டவணையைத் தொடுவதற்கு முன், ஓய்வு நாளின் உணவு நேரங்களை முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். பயிற்சிக்காகச் சேர்த்த சிற்றுணவையும் அதே நேரத்தில் ஓய்வு நாளிலும் வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சி எதுவும் இல்லாமல் முழுமையாக இரண்டு வாரம் இந்த அட்டவணைப்படி சாப்பிட்டு முடித்த பிறகே முதல் செட்டுக்குப் போங்கள். ஏதேனும் ஒரு வேளை தவறினால் அன்றைய பயிற்சி இல்லை. தவறிய உணவைப் பிறகு ஈடுகட்டினாலும் அன்று இல்லை. இந்த விதியைத் தண்டனையாகப் பயன்படுத்தாதீர்கள். எரிபொருள் இல்லாமல் வண்டியை எடுக்காமல் இருப்பதற்கு மேல் அதில் எதுவும் இல்லை.

ஒரு சோதனையும் உண்டு. திட்டமிட்ட ஒரு பயிற்சியை, உடலும் நேரமும் ஒத்துழைக்கும் நாளிலேயே, வேண்டுமென்று விட்டுப் பாருங்கள். அன்று முழு உணவையும் சாப்பிட முடிகிறதா, பதற்றம் எவ்வளவு நேரம் நீடிக்கிறது, யாருக்கும் தெரியாமல் வேறு ஏதாவது செய்து 'ஈடுகட்ட' கை துறுதுறுக்கிறதா என்று கவனியுங்கள். காயத்தோடும் காய்ச்சலோடும் பயிற்சி செய்யத் தோன்றுவதும் இதே வகைதான். இவை தென்பட்டால் பயிற்சியை நிறுத்திவைத்து, கவனித்ததை அப்படியே உங்கள் மனநல ஆலோசகரிடம் கொண்டுபோங்கள்.

படி 4: கருவிகள்

இரண்டு இணை டம்பெல், ஒரு உறுதியான நாற்காலி, ஒரு நோட்டுப்புத்தகம். ரெசிஸ்டன்ஸ் பேண்டும் (இழுத்துப் பயிற்சி செய்யும் ரப்பர் பட்டை) பயன்படும், ஆனால் இழுக்க இழுக்க அதன் கடினம் மாறுவதால் எவ்வளவு முன்னேறினோம் என்பது தெளிவாகத் தெரியாது; எனவே டம்பெல்லே என் தேர்வு. ஸ்மார்ட் வாட்சைக் கழற்றி வையுங்கள். கலோரி காட்டும் செயலிகள் அனைத்தையும் நீக்குங்கள்; 'அதைப் பார்க்க மாட்டேன், நேரத்துக்கு மட்டும்' என்ற சமாதானத்தை நான் நம்புவதில்லை. உடலை இறுக்காத ஆடை அணியுங்கள், கண்ணாடிக்கு எதிரே நிற்காதீர்கள். நிலையைச் சரிபார்க்க வேண்டுமானால் பிசியோதெரபிஸ்ட் ஒருவரை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

படி 5: பயிற்சி

வாரத்தில் இரண்டு நாள், இடையில் குறைந்தது இரண்டு நாள் ஓய்வு, ஒவ்வொன்றும் அரை மணி நேரத்துக்கு மேற்படாமல். ஐந்து அசைவுகள் போதும்: நாற்காலியில் உட்கார்ந்து எழுதல், இடுப்பை மடித்து டம்பெல்லைத் தூக்கும் டெட்லிஃப்ட், சுவரிலோ மேசை விளிம்பிலோ கை ஊன்றிச் செய்யும் புஷ்-அப், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு ஒரு கையால் இழுக்கும் ரோ, இரு கைகளிலும் எடையோடு நடத்தல். முதல் நான்கும் 8 ரெப், 2 செட். நடை அரை நிமிடம், இருமுறை. செட்டுகளுக்கு இடையே உட்கார்ந்து முழுதாக மூச்சு வாங்குங்கள். ஓய்வைச் சுருக்கினால் இது வியர்வைப் பயிற்சியாக மாறிவிடும்.

எந்த எடையை எடுப்பது? இன்னும் மூன்று ரெப் நல்ல நிலையில் செய்ய முடியும் என்று தோன்றும் இடத்தில் செட் முடிய வேண்டும். எல்லா செட்டிலும் அப்படி முடிந்தால், அதுவும் உணவு அட்டவணை முழுமையாக இருந்த இரண்டு வாரத்துக்குப் பிறகு, ஏதேனும் ஓர் அசைவில் மட்டும் அடுத்த சிறிய எடைக்குப் போகலாம். நோட்டில் டம்பெல்லின் எடை, ரெப், அன்றைய உறக்கம், உணவு முழுமையா என்ற நான்கை மட்டும் எழுதுங்கள். ஐந்து வாரத்துக்கு ஒருமுறை முழு வாரம் விடுப்பு, தட்டு அதேதான்.

தலைச்சுற்றல், படபடப்பு, நெஞ்சுவலி, கண் இருட்டுதல் ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே உட்கார்ந்து, பயிற்சியை அன்றோடு நிறுத்துங்கள். நெஞ்சுவலியோ மயக்கமோ வந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வாந்தி எடுத்த நாளில் பயிற்சி அறவே இல்லை; அடுத்ததற்கு முன் மருத்துவருக்குத் தகவல் சொல்லுங்கள். எலும்பில் ஒரே இடத்தில் குத்தும் வலி பல நாள் நீடித்தால் அது தசைவலி அல்ல என்று கொண்டு பரிசோதியுங்கள்.

பிற்சேர்க்கை: வாசகிகள் கேட்டவை

தொடங்கிய சில நாட்களில் ஆடை இறுக்கமாகத் தோன்றுகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். புதிய பயிற்சிக்குப் பிறகு தசைகளில் கிளைக்கோஜனும் (சேமித்து வைக்கப்படும் மாவுச்சத்து) அதனோடு நீரும் சேர்வதும், சிறிய வீக்கம் வருவதும் எதிர்பார்க்கக்கூடியவை. எடை பார்க்கும் கருவியில் நீங்களாகவே ஏறாதீர்கள். எடை பார்க்க வேண்டுமானால் மருத்துவமனையில் எண்ணைக் காட்டாமல் பார்க்கச் சொல்லலாம். ஆனால் கணுக்கால் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழுந்தால் அதை மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஜிம்முக்குப் போகலாமா என்பது இன்னொரு கேள்வி. போகலாம், ஆனால் முதல் நாளே பயிற்சியாளரிடம் மூன்று நிபந்தனைகளைச் சொல்லிவிடுங்கள்: என் உடல் எடையைப் பார்க்க வேண்டாம், உடல் அளவு குறிக்க வேண்டாம், உணவு ஆலோசனை வேண்டாம். காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. மருத்துவரின் அறிவுரை என்றால் போதும். அதற்குப் பிறகும் கொழுப்பைக் கரைப்பதைப் பற்றிப் பேசுபவராக இருந்தால், கட்டிய பணத்தைப் பற்றி யோசிக்காமல் வேறு இடம் பாருங்கள்.